காலாங்கின் வட்டத் திடல்

சிங்கப்பூரின் டகோட்டா ரயில் நிலையத்தில் இறங்குவோருள் எத்தனைபேர் அது ஒரு விமானத்தின் பெயர் என்பதை அறிவர்?

சதுப்பு நிலத்தைத் தூர்த்து அமைத்த காலாங் விமான நிலையம் 1937 ஜூன் 12இல் திறக்கப்பெற்றது. அதன் இறங்குதளம் வட்டமான புல்திடல். காற்று எத்திசையில் வீசினும் அதனை எதிர்கொண்டே விமானங்கள் இறங்க இயன்றது. அருகிலிருந்த நீர்ப்பரப்பில் பறக்கும் படகுகள் இறங்கின. இரண்டிற்கும் முனையக் கட்டடம் ஒன்றே. இத்தகைய சிக்கனம் பின்னர் வாய்க்கவில்லை.

போருக்குப்பின், 1947இல், மலாயன் ஏர்வேஸ் இங்கிருந்தே கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு நகரங்களுக்குச் சேவை தொடங்கியது. ஆயின் விமானங்கள் பெருத்தன. அவற்றிற்கு வேண்டிய நீண்ட ஓடுபாதைக்கு நகரம் இடந்தரவில்லை. 1955இல் பாய லேபார் திறக்கப்பட, காலாங் ஓய்ந்தது. மறு ஆண்டே அந்நிலத்தை ஊடறுத்து நிக்கல் நெடுஞ்சாலை சென்றது. முனையக் கட்டடம், கண்ணாடிக் கோபுரத்துடன், இன்றும் நிற்கிறது.