தூசி உறிஞ்சியும் அதன் பழுதுகளும்

இங்கிலாந்துப் பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத் 1901-இல் உருவாக்கிய தூசி உறிஞ்சும் இயந்திரம் வீட்டு வாசலைத் தாண்ட முடியாத அளவுக்குப் பெரியது. குதிரைகள் இழுத்துவந்த அவ்வியந்திரம் தெருவிலேயே நிற்க, அதன் நீண்ட குழாய்களைப் பணியாளர்கள் சன்னல் வழியே உள்ளே கொண்டுசென்று கம்பளங்களைத் துப்புரவு செய்தனர். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக 1902-இல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளங்கள் இவ்வாறே தூய்மை பெற்றன. இயந்திரம் பழுதுபட்டால் அது பூத்தின் ஆட்கள் பார்க்கவேண்டிய வேலையாக இருந்ததே தவிர, வீட்டாருக்கு அதில் பங்கில்லை.

அந்த வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்தவர், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில் கடையொன்றைக் கூட்டிப் பெருக்கிவந்த ஜேம்ஸ் மரே ஸ்பேங்லர் ஆவார். தூசியால் ஆஸ்துமா மிகுந்து அவதியுற்ற அவர், 1907-இல் மின்விசிறி மோட்டார் ஒன்றையும் துடைப்பக் கழியையும் தலையணை உறையையும் இணைத்து ஒரு கருவியைச் செய்து, மறு ஆண்டு காப்புரிமை பெற்றார். பின்னர் அவ்வுரிமை தோல்பொருள் உற்பத்தியாளரான வில்லியம் ஹூவரிடம் சென்றது. கழியும் உறையும் எந்த வீட்டிலும் கிடைப்பவை என்பதால், முதல் கருவியே ஒருவகையில் கைவேலைக்காரரின் ஆக்கம்தான்.

ஸ்பேங்லரின் சுழலும் தூரிகை வழிவந்த நிமிர்நிலைக் கருவிகளில், மோட்டார் அச்சின் சுழற்சியைத் தூரிகை உருளைக்குக் கடத்துவது ஒரு ரப்பர் பெல்ட். கம்பளத்திலிருந்து வரும் தலைமுடியும் நூலும் உருளையில் சுற்றி இறுகும்போது உருளை நின்றுவிட, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதால் உராய்வில் பெல்ட் சூடேறித் தளர்கிறது, அல்லது அறுந்துபோகிறது. ரப்பர் தீயும் வாடை அதன் முன்னறிவிப்பு. மின்இணைப்பைத் துண்டித்து, அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றி, முடிச்சுருளைக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டியெடுத்து, புதிய பெல்ட்டை மாட்டுவது சில நிமிட வேலைதான். மோட்டாரின் கம்யூட்டேட்டர் எனப்படும் செப்பு வளையத்தில் உரசித் தேயும் கார்பன் பிரஷ்களை மாற்றுவதற்கோ கூடுதல் துணிவு தேவை.

எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 1921-இல் வெளியிட்ட, தரையில் இழுத்துச் செல்லும் உருளை வடிவக் கருவியில் நீண்ட குழாயே உறுப்புகளில் முதன்மை பெற்றதால், குழாய் அடைப்பும் மடிப்பில் விழும் வெடிப்பும் புதிய தொல்லைகளாயின. 1982-இல் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ் இந்தியாவில் வீடுவீடாகச் சென்று விற்றதும் பெரும்பாலும் இவ்வகைக் கருவிகளையே. விரிப்பில்லாத தரை மிகுந்த வீடுகளுக்குச் சுழலும் தூரிகை அவ்வளவாகத் தேவைப்படவுமில்லை.

பையின் நுண்துளைகளைத் தூசி அடைத்து உறிஞ்சும் வலு குறைவதைக் கண்ட ஜேம்ஸ் டைசன், சுழற்காற்றால் தூசியைப் பிரிக்கும் முறையை 5,127 மாதிரிகளில் சோதித்து வளர்த்து, 1993-இல் பிரித்தானியச் சந்தைக்குப் பையில்லாத கருவியைக் கொண்டுவந்தார். பை போயிற்று, வடிகட்டி போகவில்லை. அதைக் கழுவாமல் விடும் வீட்டில் பழைய குறையே திரும்பி வருகிறது. கழுவி ஈரத்தோடு பொருத்தினாலோ மோட்டாருக்கே கேடு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகள், குழாய் 40,000 முறை வளைத்த பின்னும் பயன்படவேண்டும் என்றும், மோட்டார் 500 மணி நேரமாவது உழைக்கவேண்டும் என்றும் உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தின. வீட்டார் கத்தரியோடும் திருப்புளியோடும் நெடுங்காலம் கவனித்துவந்த உறுப்புகளுள் இரண்டு இவ்வாறு சட்டத்தின் கணக்கில் ஏறின. முடி சுற்றும் உருளைக்கு அவ்விதிகள் ஆயுள் எதையும் குறிக்கவில்லை.