கையடக்க ஜிபிஎஸ் கருவி: புதையல் தேடலுக்கு வாங்கும் முன் அறிய வேண்டியவை

புது தில்லி: மலையேற்றத்துக்கோ, ‘ஜியோகேச்சிங்’ எனப்படும் புதையல் தேடல் விளையாட்டுக்கோ கையடக்க ஜிபிஎஸ் கருவி வாங்க விரும்புவோர், விலையையும் திரையின் அளவையும் பார்ப்பதற்கு முன்பு ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கருவி செயற்கைக்கோள்களிலிருந்து சமிக்ஞைகளைப் பெறுவதோடு நின்றுவிடுகிறதா, அல்லது செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பவும் செய்கிறதா? பல நாடுகளில் இது வசதி தொடர்பான கேள்வி மட்டுமே. இந்தியாவிலோ சட்டம் தொடர்பான கேள்வி.

கடந்த 2024ஆம் ஆண்டின் இறுதியில் கோவா விமான நிலையத்திலும், 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தில்லி விமான நிலையத்திலும் வெளிநாட்டுப் பெண் பயணிகள் இருவர் தடுத்து நிறுத்தப்பட்டு விசாரிக்கப்பட்டனர். இருவரிடமும் இருந்தவை, உலகெங்கும் மலையேறுவோர் பையில் மாட்டிச் செல்லும் ‘இன்ரீச்’ வகைக் கருவிகளே. கைப்பேசி அலைவரிசை கிடைக்காத இடத்திலிருந்தும் ‘இரிடியம்’ செயற்கைக்கோள்கள் வழியாகக் குறுஞ்செய்தியும் அபாய அழைப்பும் அனுப்பக்கூடியவை அவை. அவற்றை உரிமமின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம் என்பதை இருவருமே அறிந்திருக்கவில்லை. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டமும், 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் இத்தடைக்கு அடிப்படையாக அமைந்தவை. மும்பையில் 2008ஆம் ஆண்டு நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதலில் செயற்கைக்கோள் தொலைபேசி பயன்படுத்தப்பட்டது தெரியவந்த பிறகு கண்காணிப்பு மேலும் இறுகியது.

சமிக்ஞையைப் பெற மட்டும் செய்யும் ஜிபிஎஸ் கருவிகள் இந்தியச் சந்தையில் வெளிப்படையாகவே விற்கப்படுகின்றன. கைப்பேசியிலும் காரிலும் இருப்பது அதே தொழில்நுட்பம்தான். குழப்பம் நேர்வது தோற்ற ஒற்றுமையால். கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 67, 67ஐ என்ற இரு மாதிரிகளும் ஏறத்தாழ ஒரே தோற்றம் கொண்டவை. பெயரின் இறுதியில் உள்ள ‘ஐ’ என்ற எழுத்தும், பக்கவாட்டில் மூடியிட்ட அபாய அழைப்புப் பொத்தானும்தான் அடையாளம். வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் கருவி வரவழைப்போர் இந்த ஓர் எழுத்தைக் கவனிக்கத் தவறினால், அதன் விளைவை விமான நிலையத்தில் சந்திக்கப்போவது கொண்டுவரும் உறவினரே. செயற்கைக்கோள் வழிகாட்டும் கருவிகளையும் உரிமமின்றி இந்தியாவுக்குக் கொண்டுசெல்ல வேண்டாம் எனப் பிரிட்டன் அரசு தன் குடிமக்களுக்கு வழங்கும் பயண அறிவுரை எச்சரிக்கிறது. எனவே உள்நாட்டிலேயே, இரசீதுடன் வாங்குவது பாதுகாப்பானது.

விளையாட்டு பிறந்த கதை

அமெரிக்க ராணுவம் உருவாக்கிய ஜிபிஎஸ் அமைப்பில், பொதுமக்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் நெடுங்காலம் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. இதனால் சாதாரணக் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும். அதிபர் பில் கிளிண்டனின் உத்தரவின்படி 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. அடுத்த நாளே, மே 3 அன்று, ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் பகுதியில் டேவ் அல்மர் என்ற கணினித் துறையாளர் ஒரு வாளியில் சில பொருள்களை வைத்து மறைத்து, அந்த இடத்தின் ஆயத்தொலைவுகளை இணையத்தில் வெளியிட்டார். கருவி உண்மையிலேயே துல்லியமாகிவிட்டதா என்று சோதிப்பதே நோக்கம். மூன்று நாள்களுக்குள் இருவர் அதைக் கண்டுபிடித்தனர். வாளியில் இருந்த பொருள்களுள் ஒன்றான அவரை டப்பா இன்றும் இவ்விளையாட்டினர் நடுவே புகழ்பெற்றது. இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் மறைத்து வைக்கப்பட்டுள்ளன. 2008ஆம் ஆண்டு சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்ற ரிச்சர்ட் கேரியட் அங்கும் ஒன்றை வைத்துவிட்டு வந்தார்.

விதிகள் எளியவை. பெட்டியைக் கண்டெடுப்பவர் உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். உள்ளிருந்து ஒரு பொருளை எடுத்தால், அதற்கு ஈடான ஒன்றை வைக்க வேண்டும். பெட்டியை மண்ணில் புதைக்கக் கூடாது. இரு பெட்டிகளுக்கிடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். தேடலின் கடினமும் நிலப்பரப்பின் கடினமும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பிடப்படுகின்றன. நிலப்பரப்புக்கு 5 என்றிருந்தால் கயிறோ படகோ தேவைப்படும் இடம் என்று கொள்ளலாம்.

கைப்பேசி போதாதா?

நகரப் பூங்காவிலோ சுற்றுலாத் தலத்திலோ தேடுவோருக்குக் கைப்பேசியே போதும். திறந்த வானத்தின் கீழ் நல்ல கைப்பேசி ஒன்று ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டும். எல்1, எல்5 என்ற இரு அலைவரிசைகளையும் பெறும் கைப்பேசிகள் பல பழைய கையடக்கக் கருவிகளை விடவும் மேலானவை. ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டும் தேடலுக்குச் செல்பவர் தனிக் கருவி வாங்குவது வீண் செலவே.

தனிக் கருவியின் தேவை வேறிடத்தில் தொடங்குகிறது. மழை கொட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரக் கையால் தொடுதிரையை இயக்க முடியாது. நண்பகல் வெயிலில் கைப்பேசித் திரை கண்ணுக்குத் தெரியாது. லடாக்கின் குளிரில் கைப்பேசியின் மின்கலம் கண்முன்னே தேயும். கையடக்கக் கருவிகளில் பொத்தான்கள் உண்டு. வெயில் பட்டால் திரை மேலும் தெளிவாகும். தீர்ந்த மின்கலத்தைப் பாதி வழியில் மாற்றிக்கொள்ளலாம். வழிகாட்டும் வேலையைக் கருவியிடம் விட்டுவிட்டால், அவசர அழைப்புக்கான கைப்பேசியின் மின்சக்தி மிச்சமாகும் என்பதே இவற்றுள் முதன்மையான காரணம்.

எதைப் பார்த்து வாங்குவது?

கார்மினின் இ-ட்ரெக்ஸ் வரிசை தொடக்க நிலையினரிடையே நன்கு அறியப்பட்டது. அவற்றுள் இ-ட்ரெக்ஸ் எஸ்இ மாதிரியில் வரைபடம் கிடையாது. ஆனால் இரண்டு ஏஏ மின்கலங்களில் 168 மணி நேரம் வரை இயங்கும் என்று நிறுவனம் கூறுகிறது. வரைபடத்துடன் கூடிய 22எக்ஸ், 32எக்ஸ் மாதிரிகள் ஏறத்தாழ 25 மணி நேரம் தாங்கும். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும் தேடலில் அது பெரியது: 32எக்ஸில் மூவச்சு மின்னணுத் திசைகாட்டியும், காற்றழுத்த உயரமானியும் உண்டு.

திசைகாட்டி இல்லாத கருவி, அதை ஏந்தியவர் நடக்கும்போது மட்டுமே திசையை அறியும். அவர் நின்றுவிட்டால் அம்புக்குறி பொருளற்றதாகிவிடும். பெட்டியை நெருங்கி, நின்று, சுற்றிலும் பார்க்கும் தருணத்தில்தான் திசை மிகவும் தேவை. ஆகவே பணத்தைக் கூடுதலாகச் செலவிட ஏதேனும் ஒரு வசதியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமெனில், அது மூவச்சுத் திசைகாட்டியாகவே இருக்கட்டும். மின்கலம் மாற்றும் ஒவ்வொரு முறையும் திசைகாட்டியைச் சீரமைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிட்டுக் கருவியைக் குறை கூறுவர்.

அடர்ந்த மரங்களும் செங்குத்துப் பாறைகளும் உள்ள இடங்களில் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி, தாமதமாகக் கருவியை அடையும். செயற்கைக்கோள் சமிக்ஞை வந்து சேரும் நேரத்தைக் கொண்டே கருவி தூரத்தைக் கணக்கிடுவதால், இத்தாமதம் அப்படியே இடப்பிழையாக மாறும். இரு அலைவரிசைகளைப் பெறும் ஜிபிஎஸ்மேப் 65 போன்ற கருவிகள் இப்பிழையைக் கணிசமாகக் குறைக்கின்றன. விமானப் போக்குவரத்துக்காக இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய ‘ககன்’ அமைப்பின் திருத்தச் சமிக்ஞைகளையும், உரிய வசதியுள்ள கருவிகள் பெற முடியும். இந்தியாவின் சொந்த அமைப்பான ‘நாவிக்’ எல்லாக் கருவிகளிலும் இயங்குவதில்லை. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

நீர்க்காப்புக்கு ஐபிஎக்ஸ்7 தரம் போதும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பழுதாகாது என்பது அதன் பொருள். குளிர்ப் பிரதேசத்துக்குச் செல்வோர் சாதாரண ஆல்கலைன் மின்கலங்களைத் தவிர்த்து லித்தியம் மின்கலங்களை எடுத்துச் செல்லலாம். பெட்டிகளின் விவரங்களை ஜிபிஎக்ஸ் கோப்பாக ஏற்றிக்கொள்ளும் வசதி ஏறக்குறைய எல்லாப் புதிய மாதிரிகளிலும் உண்டு. இருப்பினும் முழு விவரங்களையும் மொத்தமாகப் பதிவிறக்கக் கட்டண உறுப்பினராக வேண்டியிருக்கும்.

ஒரு புள்ளி இடம் மாறினால் 27 கி.மீ.

புதியவர்கள் செய்யும் பெரும் தவறு ஆயத்தொலைவைப் பதிவு செய்வதில் நேர்கிறது. ஜியோகேச்சிங்கில் டிகிரியும், தசமப் புள்ளியுடன் கூடிய நிமிடமும் பயன்படுகின்றன. எடுத்துக்காட்டாக, தில்லி வட்டாரத்தில் ஓர் இடத்தின் அட்சரேகை வடக்கு 28 டிகிரி 36.500 நிமிடம் என்று தரப்பட்டிருக்கலாம். இதனை 28.36500 டிகிரி என்று கருவியில் பதிந்தால், அது தெற்கே ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தள்ளிக் காட்டும். 36 நிமிடம் 50 விநாடி என்று படித்துக்கொண்டாலோ, வடக்கே 600 மீட்டருக்கு மேல் தவறும். இரண்டாவது தவறே மோசமானது. 27 கிலோமீட்டர் பிழை உடனே கண்ணில் படும். 600 மீட்டர் பிழை, இல்லாத பெட்டியை மாலை வரை தேட வைக்கும்.

அடுத்தது ‘டேட்டம்’ எனப்படும் அளவை அடிப்படை. கருவி டபிள்யூஜிஎஸ் 84 என்ற அமைப்பில் இருக்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் அடிப்படையில் வரையப்பட்டவை. அவற்றில் படித்த ஆயத்தொலைவை மாற்றமின்றிக் கருவியில் பதிந்தால் 100 மீட்டர் அளவுக்கு இடம் விலகும். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வெளியான பொதுப் பயன்பாட்டு வரைபடங்களில் இச்சிக்கல் இல்லை.

இவை அனைத்தும் சரியாக இருந்தாலும், கருவி பெட்டியின் மீது கொண்டுபோய் நிறுத்தாது. மறைத்தவரின் கருவியில் சில மீட்டர் பிழை, தேடுபவரின் கருவியில் சில மீட்டர் பிழை. இரண்டும் எதிரெதிர்த் திசையில் அமைந்தால் 10 மீட்டர் இடைவெளி இயல்பே. நெருங்கியதும் அம்புக்குறி அங்குமிங்கும் அலைபாயும். அதைத் துரத்தக் கூடாது. இருபது, முப்பது மீட்டர் பின்வாங்கி, வேறு வேறு திசைகளிலிருந்து இரண்டு மூன்று முறை அம்புக்குறியைப் பின்பற்றி நடந்து, அக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கருவியைப் பையில் போட்டுவிட வேண்டும். இயல்புக்கு மாறாக அடுக்கப்பட்ட கற்களையும், மரப்பொந்தையும், புதிதாகத் தெரியும் பட்டையையும் காண்பது இனிக் கண்ணின் வேலை.

எங்கே தேடக் கூடாது?

கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்ற அறிவிப்பு நாள்தோறும் ஒலிக்கும் நாட்டில், சுவரோரம் குனிந்து பெட்டி தேடுபவர் சந்தேகத்துக்கு உள்ளாவது வியப்பன்று. இங்கிலாந்தின் வெதர்பி நகரிலேயே 2011ஆம் ஆண்டு ஒரு விளையாட்டுப் பெட்டியை வெடிகுண்டு எனக் கருதிப் பாதுகாப்புப் படையினர் வெடிக்கச் செய்து அழித்தனர். ரயில் நிலையம், விமான நிலையம், அணை, பாலம், ராணுவப் பகுதி ஆகியவற்றின் அருகே பெட்டி வைக்கவும் தேடவும் கூடாது. வனவிலங்குச் சரணாலயங்களுக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் ஒரு கல்லைக்கூட நகர்த்த இயலாது.

இத்தகைய இடங்களுக்குப் பெட்டியே இல்லாத ‘எர்த்கேச்’ வகை பொருந்தி வருகிறது. குறிப்பிட்ட ஆயத்தொலைவுக்குச் சென்று, அங்குள்ள பாறையையோ நில அமைப்பையோ கவனித்து, கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடையளிப்பதே இதில் தேடல். கர்நாடகத்தின் உடுப்பிக்கு அருகே செயின்ட் மேரிஸ் தீவில் தூண் தூணாக நிற்கும் எரிமலைப் பாறைகள் போன்ற நிலவியல் சின்னங்கள் இதற்கு ஏற்றவை.

இமயமலைக்குச் செல்வோர் நிலை வேறு. பிற நாடுகளில் மலையில் சிக்கியவர்களை மீட்க உதவும் இருவழிக் கருவி இங்கே கிடைக்காததால், வெறும் ஜிபிஎஸ் கருவியைக் கொண்டே சமாளிக்க வேண்டும். புறப்படும் இடத்தையும், நீர் கிடைக்கும் இடங்களையும் கருவியில் குறித்துக்கொள்ள வேண்டும். வந்த தடத்திலேயே திரும்ப அழைத்துவரும் வசதியை வீட்டருகே ஒருமுறை பழகிப் பார்ப்பது அவசியம். செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் கீழே ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு ஏற வேண்டும். கைப்பேசி அலைவரிசை கிடைக்கும் இடத்தை அடைந்ததும் 112 எண்ணை அழைத்து, கருவியின் திரையில் உள்ள எண்களை எந்த வடிவில் உள்ளன என்பதையும் சேர்த்துச் சொல்லி, மறுமுனையில் இருப்பவரை ஒருமுறை திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.