காந்தளும் கருவும்

திருகோணமலை மாவட்டத்திலே, கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில், மூதூரை அடுத்து அமைந்த ஊர் தோப்பூர். வயலும் பற்றைக்காடும் விரவிய அந்நிலப்பகுதியில், இலங்கையின் உலர்வலயம் எங்கணும் போலவே, மாரி பிறந்ததும் செங்காந்தள் வேலிகளிற் பற்றிப் படரும். கார்த்திகையில் மலர்தலின் கார்த்திகைப்பூ என்றும், கிழங்கின் வடிவு நோக்கிக் கலப்பைக்கிழங்கு என்றும் தமிழர் அதனை வழங்குவர். சிங்களர் நியங்கலா என்பர்.

குறிஞ்சிப்பாட்டில் மலர்களை நிரல்படுத்திய கபிலர் செங்காந்தளையே முதற்கண் வைத்தார். புலவர் அழகைப் போற்ற, மருத்துவர் நஞ்சை அறிந்தனர். வடமொழி மருத்துவ மரபில் அதற்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று 'கர்ப்பபாதினி'. கருவை விழச்செய்வது என்பது அதன் பொருள். பேறு தாமதித்தபோது கிழங்கை அரைத்து உந்தியிலும் உள்ளங்காலிலும் பூசுதல் பழைய வழக்கம். பூச்சாக நின்ற அம்மருந்து உட்கொள்ளப்பட்டபோதே கேடு விளைந்தது. கருச்சிதைவுக்கும் தற்கொலைக்கும் இக்கிழங்கு பயன்பட்டமையை இந்திய நச்சியல் நூல்கள் குறித்துள்ளன.

அந்நஞ்சின் இயல்பு படிப்படியாகவே வெளிப்பட்டது. 1820இல் பிரெஞ்சு அறிஞர் பெல்லெத்தியேரும் கவாந்துவும் கொல்சிக்கம் என்னும் ஐரோப்பியச் செடியிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்தனர். பின்னர் கொல்சிசின் எனப் பெயர்பெற்ற அதுவே செங்காந்தட் கிழங்கிலும் உள்ளதென 1915இல் அறியப்பட்டது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது நிறப்புரிகளை இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகளை அது உருவாகவொட்டாது தடுக்கும். 1937இல் பிளேக்ஸ்லீ இவ்வாற்றலைக் கொண்டு செடிகளின் நிறப்புரித் தொகையை இரட்டிப்பித்தார்.

ஆகவே இந்நஞ்சு கருப்பையை மட்டும் நாடிச் செல்வதன்று. விரைந்து பெருகும் அணுக்கள் எங்குளவோ அங்கெல்லாம் அது தாக்கும். குடல் புண்ணாகிக் கடும் வாந்தியும் கழிச்சலும் தோன்றும், என்பு மச்சை சோரும், மயிர் உதிரும். இலங்கையில் இக்கிழங்கை உண்ட ஒருவரின் மயிர் முற்றாக உதிர்ந்த செய்தி 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. அவித்தாலும் நஞ்சு அழியாமையின், வற்றாளங்கிழங்கென மயங்கி உண்டோரும் இடருற்றனர். கரு சிதைந்ததாயின், அது தாயின் உடல் முழுவதும் நஞ்சேறியதன் ஒரு விளைவேயாம். தாயை விடுத்துக் கருவை மாத்திரம் அழிக்கும் மருந்து என்னும் நம்பிக்கை பிழையானது.

அந்நம்பிக்கைக்குப் பெண்கள் இரையானமைக்கு அறியாமை ஒன்றே காரணமன்று. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காத்தற்கன்றிக் கருச்சிதைவு செய்விப்பதைக் குற்றமாக்கிற்று. பழிக்கும் தண்டனைக்கும் அஞ்சியவளுக்கு மருத்துவமனையினும் வேலியோரக் கிழங்கே அணித்தாயிற்று.

வரலாறு பின்னர் வியத்தகு திருப்பம் கண்டது. மத்தியதரைக் கடற்பகுதி மக்களிடையே பரம்பரையாக வரும் காய்ச்சல் ஒன்று வயிற்றுறையை அழற்றிப் பெண்களின் மகப்பேற்றுக்கு இடையூறாவதுண்டு. 1972இல் அதற்குக் கொல்சிசின் பயன்படுமென அறியப்பட்டது. மருத்துவர் கண்காணிப்பில் நாள்தோறும் 1 முதல் 2 மில்லிகிராம் அளவில் அதை உட்கொண்ட பெண்கள் பலர் நலமே கருவுற்று மகப்பெற்றனர். இன்று கருக்காலத்திலும் அம்மருந்தை நிறுத்தவேண்டுவதில்லை என்பது மருத்துவர் கொள்கை.

கருவை அழிப்பதென்று பெயர்பெற்ற பொருளே கருவைக் காக்கவும் துணைநின்றது. கிழங்கிலுள்ள நஞ்சின் அளவோ செடிக்குச் செடி வேறுபடும். அதை நிறுத்து அறியும் துலாக்கோல் துயருற்ற பெண்ணின் கையில் இல்லை. அளவறிந்த மருத்துவம் அவளுக்கு எட்டும் தொலைவில் இருத்தல்வேண்டும் என்பதே காந்தளின் வரலாறு உணர்த்தும் பாடமாகும்.