கொந்தரும் பொறியாளரும்: தமிழ் எழுத்துருவின் ஒரு பத்தாண்டு

'ஹேக்கர்' என்னும் சொல் எம்.ஐ.டி. மாணவரிடையே பிறந்தபோது அதற்குத் திருடர் என்ற பொருள் இல்லை. கையிலுள்ள இயந்திரத்தை எவ்வாறேனும் இயங்கச் செய்பவர் என்பதே பொருள். தமிழில் 'கொந்தர்' என்பர். 'மென்பொருள் பொறியியல்' என்ற தொடரோ 1968இல் கார்மிஷ் நகரில் நேட்டோ நடத்திய மாநாட்டால் பரவியது. தமிழில் இவ்விரு மரபுகளும் எதிர்ப்பட்ட களம் எழுத்துக் குறியேற்றம்.

பொறியாளர் வழியில் வந்தது ஒருங்குறி (1991). 'கெ' என்பதில் முதலில் ககரம், பின்னரே கொம்பு என, கண் காணும் வரிசையை விடுத்து ஒலி வரிசையைச் சேமித்தது. ஆனால் 1988ஆம் ஆண்டின் இஸ்கியை அடியொற்றியதால் தேவநாகரியின் சட்டகத்துள் தமிழ் அடைக்கப்பட்டது. னகரம் நகரத்தை அடுத்து நிற்பது அதனால்தான். விண்டோஸில் அது தமிழுக்குப் பயன்பட 2000 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆர்வலர்கள் காத்திருக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலாளர் கல்யாணசுந்தரத்தின் 'மயிலை' எழுத்துரு, ரோமன் எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ரோமன். எழுத்துரு மாறினால் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகள். இதைக் குறைகூறுவது எளிது. ஒருங்குறி அட்டவணை அன்று தமிழருக்குத் தாளில் மட்டுமே இருந்தது.

1998 பொங்கலன்று அவரே மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களை அடுத்த தலைமுறைக்குச் சேமிப்பவர் தம் கணினியை மட்டும் எண்ணி அமைய இயலாது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் மின்னஞ்சல்வழி வாதிட்டு வகுத்த பொது அட்டவணையான 'திஸ்கி'யில் அவர் பங்கு பெரிது. அதுவும் வடிவங்களையே சேமித்தது. எனினும் அனைவர்க்கும் ஒரே அட்டவணை. அந்நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியபோது, கொம்புகளை எழுத்துக்குப் பின்னே நகர்த்த வேண்டியிருந்தது.