விருப்பத்திலிருந்து கடமைக்கு: அமெரிக்கத் தென்மாநிலப் பள்ளிகளில் இனப்பிரிவினை நீக்கம்

முன்னுரை

அரசுப் பள்ளிகளில் மாணவரை இன அடிப்படையில் பிரித்தல் அரசியலமைப்புக்கு முரணானது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்தது. பத்தாண்டுகள் கடந்த பின்னரும் தெற்கின் 11 மாநிலங்களில் கறுப்பின மாணவருள் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரே வெள்ளையின மாணவருடன் பயின்றனர். பள்ளி நிர்வாகங்களுக்குக் கூட்டரசு வழங்கிய உதவி, சட்டக் கடமையுடன் இணைந்தபோதே பயன் தந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

காலக்கெடு இல்லாத ஆணை

1955இல் வழங்கப்பட்ட இரண்டாம் தீர்ப்பு, பிரிவினையை நீக்கும் திட்டத்தை உள்ளூர்ப் பள்ளி வாரியங்களிடமே ஒப்படைத்தது. காலக்கெடு எதையும் விதிக்கவில்லை. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி, ஒருங்கிணைப்பைத் தவிர்க்க 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே மூடியது. வெள்ளையினக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி அமைந்தது. கறுப்பினக் குழந்தைகளுள் பெரும்பாலோர் முறையான கல்வியை இழந்தனர்.

1964ஆம் ஆண்டுச் சட்டம்

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் நான்காம் பிரிவு, பிரிவினையை நீக்க முனையும் பள்ளி வாரியங்களுக்குத் தொழில்நுட்ப ஆலோசனை, ஆசிரியர் பயிற்சி, நிதியுதவி ஆகியவற்றை வழங்க வழிவகுத்தது. ஆனால் இவ்வுதவி விண்ணப்பித்தோர்க்கே உரியது. விரும்பாத வாரியத்தை இது அசைக்கவில்லை. அதே பிரிவு தலைமை அரசு வழக்கறிஞருக்கு வழக்குத் தொடரும் அதிகாரத்தை அளித்தது. ஆறாம் பிரிவோ பாகுபாடு காட்டும் நிறுவனங்களுக்குக் கூட்டரசு நிதியை நிறுத்த இடமளித்தது. 1965ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பள்ளிகளுக்கான கூட்டரசு நிதியைப் பெருக்கியதால் அந்நிபந்தனை வலிமை பெற்றது.

நியூ கென்ட் வழக்கு

வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுண்டியில் இரண்டே பள்ளிகள் இருந்தன: ஒன்று வெள்ளையினத்தவர்க்கு, மற்றொன்று கறுப்பினத்தவர்க்கு. நிதித் தகுதியைத் தக்கவைக்க வாரியம் 1965இல் ‘விருப்பத் தேர்வு’ முறையை ஏற்றது. மூன்றாண்டுகளில் ஒரு வெள்ளையின மாணவர்கூடக் கறுப்பினப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கறுப்பின மாணவருள் 85 விழுக்காட்டினர் பழைய பள்ளியிலேயே நீடித்தனர். பிரிவினையை நீக்கும் பொறுப்பு குடும்பங்களுடையது அன்று, வாரியத்தினுடையதே என 1968இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தென்மாநிலங்களில், வெள்ளையினத்தவர் பெரும்பான்மையாக இருந்த பள்ளிகளில் பயின்ற கறுப்பின மாணவர் 1968இல் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர். 1988இல் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர்.

இம்மாற்றத்தின் சுமை சமமாகப் பகிரப்படவில்லை. இணைப்பின் பெயரால் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. அவற்றின் ஆசிரியரும் தலைமையாசிரியரும் பலர் பணியிழந்தனர். மேலும், டெட்ராய்ட் நகரம் தொடர்பான 1974ஆம் ஆண்டின் மில்லிகன் தீர்ப்பு, புறநகர் வாரியங்களின் தவறு மெய்ப்பிக்கப்படாத நிலையில் அவற்றை நகரத்துடன் இணைக்கும் திட்டத்தை ஏற்க மறுத்தது. நிர்வாக எல்லையே பிரிவினையின் அரணாயிற்று.

முடிவுரை

தீர்ப்பு மட்டுமோ உதவி மட்டுமோ பள்ளிகளை மாற்றவில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஆலோசனையும் பயிற்சியும் தேவையானவையே. எனினும் மாற வேண்டிய கடமை நிர்வாகத்துக்கு உரியது என வரையறுக்கப்படாதவரை, சமத்துவத்தின் சுமை ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் மீதே விழுகிறது. விருப்பத் தேர்வாக வழங்கப்படும் எந்தக் கல்விச் சீர்திருத்தத்தையும் மதிப்பிடுவோர், தேர்ந்தெடுக்கும் துணிவும் இழப்பும் எவருடையவை என்பதை முதலில் வினவுதல் வேண்டும்.