இணை

இரட்டை, ஒப்பு, துணை எனப் பொருள் விரியும் 'இணை' பழந்தமிழ்ச் சொல்லாகும். அடியின் முதலிரு சீர்களில் தொடை அமைவதை யாப்பிலக்கணம் இணைத்தொடை என்கிறது. தமிழும் மலையாளமும் அருகருகே புழங்கும் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மலையாளிகள் வாயில் இச்சொல்லே ஈற்று ஐகாரம் அகரமாகி 'இண' என நின்று, பெரிதும் வாழ்க்கைத் துணையைக் குறிக்கிறது. அதனால்தானோ என்னவோ, புளூடூத் ஹெட்போனைக் கைப்பேசியோடு சேர்ப்பதை மலையாளத் திரைகள் 'ஜோடியாக்குக' என்கின்றன. தமிழ்த் திரைகளோ, இரு கருவிகளும் முதன்முறை அறிமுகமாகி மறைகுறித் திறவுகோலைச் சேமித்துக்கொள்வதையும், பின்னர் அதைக்கொண்டு ஒவ்வொரு முறையும் தொடர்புகொள்வதையும் 'இணை' என்றே சுட்டுவதால், கைப்பேசி ஏற்கெனவே அறிந்த ஹெட்போனையும் புதிதாகச் சேர்க்க முயலும் குழப்பம் நேர்கிறது. முன்னதை 'இணைசேர்த்தல்', பின்னதை 'இணைப்பு' எனப் பிரித்து வழங்குவதே தகும்.