கியர் மாறலையா? கியர்பாக்ஸைக் கழற்றும் முன் இதைப் பாருங்க

விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். திடீர்னு காடி ஒரு குலுக்கு குலுக்குது. எஞ்சின் உறுமுது, வேகம் ஏறலை. எச்சரிக்கை விளக்கும் எரிகிறது.

"கியர்பாக்ஸ் போச்சு!" என்று பதற வேண்டாம். கோளாறு ஒரு சின்ன வேக சென்சாரில் இருக்கலாம்.

சென்சாரின் வேலை என்ன?

ஆட்டோ கியர்பாக்ஸில் பொதுவாக 2 வேக சென்சார்கள் இருக்கும். ஒன்று, எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டின் வேகத்தை அளக்கும். மற்றொன்று, சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் வேகத்தை அளக்கும்.

இரண்டையும் ஒப்பிட்டுத்தான் கணினி கியரை மாற்றும். கணக்கு உதைத்தால் பாதுகாப்புக்காக ஒரே கியரில் நிறுத்திவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

- ஸ்கேனரில் பி0715 வந்தால் முதல் சென்சார். பி0720 வந்தால் இரண்டாவது.

- உடனே சென்சாரை மாற்றிடாதீங்க. வயர் அறுந்திருந்தாலும், இணைப்பில் துருவோ எண்ணெயோ இருந்தாலும் அதே குறியீடு வரலாம்.

- ஓட்டும்போது ஸ்கேனரில் வேக அளவை இன்னொருவர் கவனிக்கட்டும். காடி சீராக ஓடும்போதே எண் பூஜ்யத்துக்கு விழுந்தால் சந்தேகம் சென்சார் அல்லது வயர் மீதுதான்.

- எண்கள் சரியாக இருந்தும் கியர் நழுவுதா? அப்போ கியர்பாக்ஸ் எண்ணெயையும் உள்பாகங்களையும் பார்க்கணும்.

பட்டறையில் என்ன கேட்கலாம்?

"எந்தக் குறியீடு வந்தது? வயரைச் சோதிச்சீங்களா?"

இந்த 2 கேள்விக்கும் பதில் கிடைக்கும்வரை கியர்பாக்ஸைப் பிரிக்கச் சம்மதிக்காதீங்க. சென்சாரின் விலை, கியர்பாக்ஸைப் பழுதுபார்க்கும் செலவில் ஒரு சிறு பகுதிதான்.